மிளகு எடுத்த ஊறுகாய்

கையில் எலுமிச்சம்பழம் இல்லாமல் நான் மலை பஸ் ஏறுவதில்லை. பத்தாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டுவதற்குள் எனக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும். பழத்தை மூக்கருகே வைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தபடிதான் மற்ற வளைவுகளைக் கடப்பேன். சில நாட்களில் பழத்தின் வாசனை பட்டதுமே அழுகை வருகிறது. பக்கத்தில் இருப்பவர்கள் பஸ் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நினைத்து ஜன்னலோரம் இடம் விடுவார்கள். நானும் நகர்ந்து உட்கார்ந்துகொள்வேன்.

நான் அறிவியல் டீச்சர். ஊர் துறையூர்ப் பக்கம். மலை மேலே ஆலத்தூர் நாட்டில் ஒரு நடுநிலைப் பள்ளிக்கு மாற்றல் வந்தது, காலாண்டுப் பரீட்சை முடிந்த கையோடு. வேண்டா வெறுப்பாகத்தான் வந்தேன். என் வாயைப் பற்றி நானே சொல்லிவிடுகிறேன்: அது கொஞ்சம் நீளம். வகுப்புக்குள் நுழைந்த முதல் நாளே ஒரு சட்டம் போட்டேன். "கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். ஊர்க்கதை, வீட்டுக்கதை எல்லாம் மணி அடிச்ச பிறகு." பிள்ளைகள் அதை அப்படியே கடைப்பிடித்தார்கள். மலைப் பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்பவர்கள். அதுவே எனக்கு வினையாக முடியும் என்று அப்போது தெரியவில்லை.

கார்த்திகை பிறந்ததும் மாவட்ட அறிவியல் கண்காட்சிக்குச் சுற்றறிக்கை வந்தது. எல்லாப் பள்ளியும் எரிமலை செய்யும், காற்றாலை செய்யும், தெர்மாகோலை வெட்டி ஒட்டிப் பெயின்ட் அடிக்கும். எனக்கு அதெல்லாம் பார்த்துப் பார்த்துச் சலித்துப் போயிருந்தது. நம் பள்ளியிலிருந்து ஒரு நிஜமான சோதனை போகட்டும் என்று நினைத்தேன். வீட்டில் செய்த பண்டம் ஒன்று, அதே பண்டம் கடையில் வாங்கியது ஒன்று. கண்ணைக் கட்டிவிட்டு இரண்டையும் கொடுக்க வேண்டும். எது நன்றாக இருக்கிறது என்று கேட்டுக் கணக்கெடுக்க வேண்டும். அவ்வளவுதான். செலவும் இல்லை.

"வீட்ல செஞ்சது எதாவது யார் கொண்டு வர்றீங்க?" என்று கேட்டேன். எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள். ஒல்லியான பெண். அதிகம் பேச மாட்டாள். இரட்டைச் சடையில் ஒன்று எப்போதும் மற்றதைவிட மேலே ஏறியிருக்கும். ஒழுங்காகப் பின்னிக்கொண்டு வரத் தெரியாதா என்று அதற்கும் ஒருநாள் திட்டியிருக்கிறேன்.

"எலுமிச்சை ஊறுகா இருக்குதுங்க டீச்சர். எங்கம்மா போட்டது."

உங்களிடம் மறைத்து வைத்துக் கடைசியில் சொல்வதற்கு இது துப்பறியும் கதை இல்லை. இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண்ணின் அம்மா ஆடி மாதம் இறந்து போயிருந்தாள். காய்ச்சல் என்று படுத்தவள், ஆஸ்பத்திரிக்குக் கீழே கொண்டுபோய் மூன்றாம் நாள் போய்விட்டாள். அவள் தை மாதம் போட்டு வைத்த ஊறுகாய்தான் அந்த வீட்டில் அவள் கையால் செய்ததாக மீதியிருந்த ஒரே பண்டம். இது ஊருக்கே தெரியும், வகுப்புக்கே தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை அங்கே யாரும் எடுத்துச் சொல்ல மாட்டார்கள். போதாததற்கு என் சட்டம் வேறு.

அவள் ஏன் கையைத் தூக்கினாள்? அம்மாவின் ஊறுகாய் ஜெயிக்க வேண்டும். நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்ல வேண்டும், அதைத் தன் கையாலேயே எழுத வேண்டும். அவளுக்கு வேறெந்த ஆசையும் இல்லை. இதையும் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் ஒரு சின்ன டிபன் டப்பாவில் கொண்டு வந்தாள். திறந்ததும் வகுப்பே எட்டிப் பார்த்தது. வெயிலில் காய்ந்து காய்ந்து தேன் நிறத்துக்கு வந்திருந்த எலுமிச்சைத் துண்டுகள். நடுநடுவே பச்சை மிளகு, கொத்துக் கொத்தாக, காம்போடு. மலையில் சில்வர் ஓக் மரத்துக்கு மரம் மிளகுக் கொடி ஏறிக் கிடக்கிறது. கொடியிலிருந்து பறித்த கையோடு ஊறுகாயில் போட்டிருக்கிறாள் அந்த மகராசி. மிளகாய்த்தூள் பெயருக்குத்தான். காரமெல்லாம் மிளகில் இருந்தது.

நான் மற்ற எல்லோரையும் வெளியே குழாயடிக்கு அனுப்பிவிட்டு, கடை பாக்கெட்டைப் பிரித்துப் பக்கத்தில் வைத்தேன். சிவப்பாக, எண்ணெயும் மிளகாய்த்தூளுமாக மிதந்தது. அதில் மிளகு கிடையாது.

"இது ஆகாதே!" என்றேன். "மிளகு பல்லுல பட்டதும் இது எதுன்னு தெரிஞ்சிடும். அப்புறம் கண்ணைக் கட்டி என்ன பிரயோஜனம்? மிளகையெல்லாம் எடுத்துடு."

அவள் என்னைப் பார்த்தாள். "மிளகு எடுத்துட்டா..." என்று ஆரம்பித்தாள்.

"சொன்னதைச் செய்."

செய்தாள். என் மேசைக்குப் பக்கத்தில் நின்று, ஒரு ஸ்பூனின் காம்பால் ஒவ்வொரு கொத்தாக எடுத்தாள். துண்டுகளில் ஒட்டியிருந்த மசாலையையும் வழித்துவிடச் சொன்னேன், நியாயமாக இருக்கட்டும் என்று! எடுத்த மிளகை ஒரு காகிதத்தில் குவித்து, மடித்து, கையில் வைத்துக்கொண்டே நின்றாள். "அதைப் போய் வச்சுக்கிட்டு நிக்கிற?" என்று வாங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தேன். படிச்சவன் பாட்டைக் கெடுத்தான் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அந்தப் பழமொழிக்கு நான்தான் உதாரணம்.

இன்னொரு விதியும் சொன்னேன். சோதனையை நடத்துகிறவர் ருசி பார்க்கக் கூடாது. எது எது என்று தெரிந்தவர் சாப்பிட்டால் மனசு ஒரு பக்கம் சாயும். "அதனால நீ வாயில வைக்கக் கூடாது. விரலைக்கூட நக்கக் கூடாது, தெரியுதா?" என்றேன். "சரிங்க டீச்சர்" என்றாள்.

அவளைத் தவிர முப்பது பிள்ளைகள், ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்பும் சேர்த்து. சத்துணவுக் கூடத்துச் சமையலம்மா ஒரு பாத்திரம் வெறும் சோறு கொடுத்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராக அறைக்குள் வந்தார்கள். நான் துண்டால் கண்ணைக் கட்டினேன். அவள் சோற்றில் ஊறுகாயை வைத்து அவர்கள் வாயில் ஊட்டினாள். முதலில் அ, அது அம்மாவின் ஊறுகாய். ஒரு மடக்குத் தண்ணீர். அப்புறம் ஆ, அது கடை. எது நல்லா இருக்கு என்று நான் கேட்பேன். அவர்கள் சொல்வதை அவள் நோட்டில் கோடு போட்டுக் குறிப்பாள்.

முதலில் வந்த ஆறாம் வகுப்புச் சிறுமி, கண் கட்டியபடியே, "எதுங்க டீச்சர் அக்கா ஊட்டு ஊறுகா?" என்று கேட்டாள்.

"கேட்ட கேள்விக்கு மட்டும் பதில்," என்றேன்.

வெளியே குழாயடியில் வரிசையில் நின்றவர்கள் காதோடு காது ஏதோ குசுகுசுத்துக்கொண்டே இருந்தார்கள். நான் எட்டிப் பார்த்து ஒரு அதட்டல் போட்டதும் வாயை மூடிக்கொண்டார்கள்.

கோடுகளை எண்ணினோம். அ-வுக்கு நான்கு. ஆ-வுக்கு இருபத்தாறு.

அவள் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "இன்னொரு தடவ செஞ்சு பாக்கலாமுங்களா டீச்சர்?" என்றாள்.

எனக்கு அப்படியொரு சந்தோஷம்! ஒரே தடவை செய்ததை நம்பக் கூடாது, திரும்பச் செய்து பார்க்க வேண்டும் என்று இத்தனை வருடமாகத் தொண்டை கிழியக் கத்துகிறேன். ஒரு பிள்ளையாவது தானாகக் கேட்டாளே என்று அவள் முதுகில் தட்டினேன். "பலே! நாளைக்கு நிறைய கொண்டு வா. துண்டு பெருசா இருந்தாத்தான் ருசி நல்லாத் தெரியும்."

மறுநாள் அவள் ஜாடியையே கொண்டு வந்துவிட்டாள். மேலே காப்பிக்கொட்டை நிறம், கீழே வெள்ளை. வாயில் பழைய புடவைத் துணியால் வேடு கட்டியிருந்தது. ஆலத்தூர் நாட்டுக் காலைக் குளிரில், மூன்று கிலோமீட்டர், வயிற்றோடு அணைத்துத் தூக்கி வந்திருக்கிறாள். அன்றும் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு மிளகை எடுத்தோம். அன்றும் அவளே ஊட்டினாள். சின்னப் பிள்ளைகளுக்கு ஊட்டும்போது, "நல்லா மென்னு கண்ணு, அவசரப்படாத" என்று சொன்னது காதில் விழுந்தது. பேசாதே என்று அதையும் தடுத்தேன்.

அ-வுக்கு மூன்று. ஆ-வுக்கு இருபத்தேழு.

பிள்ளைகள் போன பிறகு அவள் என் மேசையருகே வந்து நின்றாள். நகத்தால் நோட்டின் ஓரத்தைக் கீறிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், மாத்தி எழுதக் கூடாதுங்களா?"

"என்னது?"

"அ-வுக்கு இருபத்தேழுன்னு... யாருக்கும் தெரியாதுங்க டீச்சர். நமக்கு ரெண்டு பேருக்குத்தான் தெரியும்."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "பொய் எழுதறதுக்கு எதுக்குடி சோதனை? வீட்லேயே உக்காந்து எழுதிக்க வேண்டியதுதானே? உங்கம்மா ஊறுகாய் தோத்துப் போச்சுன்னா தோத்துப் போச்சு. அதுல உனக்கென்ன மானக்கேடு?" என்று பொரிந்து தள்ளினேன். "முடிவுன்னு போட்டு எழுது: கடை ஊறுகாயே அதிகம் பேருக்குப் பிடித்திருக்கிறது." எழுதினாள். கையெழுத்து எப்போதும் போல முத்து முத்தாக இருந்தது.

அவள் போய்ச் சார்ட் அட்டையை எடுத்து வருவதற்குள் எனக்கே கொஞ்சம் உறுத்தியது. கடுமையாகப் பேசிவிட்டோமே, போகட்டும், ஜாடியையாவது நாமே கழுவிக் கொடுப்போம் என்று எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். அடியில் இரண்டு துண்டும் கொஞ்சம் சாறும் இருந்தன. காலையிலிருந்து கை பட்டுத் திறந்து கிடந்த ஊறுகாய், இனி எதற்கு என்று சாக்கடையில் கவிழ்த்தேன்.

சமையலம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஏனுங்க டீச்சர், கழுவாதீங்க. அந்தப் புள்ளைய ஒரு வார்த்த கேட்டுட்டு..."

"ஜாடி கழுவறதுக்கு யாரைக் கேக்கணும்?" என்றேன்.

அவர் உள்ளே போய்விட்டார். நான் சோப்புப் போட்டு, சாம்பல் போட்டுத் தேய்த்து, மூன்று தடவை அலசினேன். வாசனை போக வேண்டும் என்று தேய்த்தேன். போயிற்று.

அவளிடம் கொடுத்தபோது ஜாடிக்குள் பார்த்தாள். பிறகு முகத்தை உள்ளே வைத்து மூச்சை இழுத்தாள். "பளபளன்னு இருக்கு பார்," என்றேன். "ஆமாங்க டீச்சர்" என்றாள்.

நாமக்கல்லில் கண்காட்சி. எங்கள் மேசைக்குப் பெரிய கூட்டமில்லை. எரிமலை வைத்திருந்த மேசையில்தான் கூட்டம். நடுவராக வந்த ஒரு பேராசிரியர் எங்கள் சார்ட்டை நின்று படித்தார். கண்ணைக் கட்டியது, தண்ணீர் கொடுத்தது, இரண்டு முறை செய்தது எல்லாவற்றையும் கேட்டார். நான் பின்னால் பெருமையாக நின்றுகொண்டிருந்தேன்.

"உனக்கு எது பிடிச்சிருந்தது?" என்று அவளைக் கேட்டார்.

"நான் சாப்புடலைங்க சார். நடத்துறவங்க சாப்புடக் கூடாதுன்னு டீச்சர் சொன்னாங்க."

அவர் சிரித்தார். "கெட்டிக்கார டீச்சர். இப்பத்தான் சோதனை முடிஞ்சிருச்சே. போனதும் அம்மாகிட்ட ஒரு துண்டு வாங்கிச் சாப்பிடு."

"அம்மா இல்லீங்க சார். ஆடியில இறந்துட்டாங்க. அது கடசீங்க."

கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும் அதே குரலில் சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார். நான் எங்கே பார்த்தேன் என்று எனக்கு நினைவில்லை. சார்ட்டில் ஒட்டியிருந்த ஊறுகாய்ப் பாக்கெட்டின் பளபளப்பு மட்டும் நினைவிருக்கிறது.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அடிவாரத்துக் காரவள்ளி தாண்டி வளைவு தொடங்கியதும் பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள். "உங்களுக்குச் சேராதுங்களே, டீச்சர்."

வாங்கிக்கொண்டேன். பத்துப் பதினைந்து வளைவு வரைக்கும் எனக்கு வாய் வரவில்லை. இந்த நீள வாய்க்கு!

"ஏன்டி எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க கேக்கலீங்களே டீச்சர்."

"அதை ஏன் கொண்டு வந்த? வேற எதாவது கொண்டு வந்திருக்கலாம்ல?"

"ஊட்டுல செஞ்சதுன்னு அது ஒண்ணுதானுங்க இருந்துச்சு. அப்பாவுக்குச் சோறாக்க மட்டுந்தான் தெரியும். நாங்களும் பாக்கெட்டு ஊறுகாதானுங்க தொட்டுக்கறோம். அது தீந்துபோயிருமுன்னு எடுக்கவே மாட்டோம்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்: "எல்லாரும் நல்லா இருக்குதுன்னு சொல்லுவாங்கன்னு நெனச்சனுங்க."

பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு அழுதேன். கண்டக்டர் பிளாஸ்டிக் கவர் ஒன்றைக் கொண்டு வந்து கொடுத்தார்.

திங்கட்கிழமை மூன்று வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைத்தேன். என் மேல் இருந்த கோபத்தை என் மேல் காட்டத் தெரியாமல் பிள்ளைகள் மேல் காட்டினேன். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள், எனக்கு அன்றைக்கு அந்த முப்பது பிள்ளைகள்தான் அகப்பட்டார்கள்.

"உங்க எல்லாருக்கும் தெரியும்ல? ஒருத்தருக்காவது எங்கிட்ட வந்து சொல்லத் தோணலையா? சரி, நான் வெளியூர்க்காரி, எனக்குத் தெரியாது. நீங்க தெரிஞ்சவங்கதானே? உங்க கூடப் படிக்கிற பொண்ணு, அவங்கம்மா கடைசியாப் போட்டது. அதை விட்டுட்டு எப்படி இருபத்தேழு பேரும் பாக்கெட் ஊறுகாய்தான் நல்லா இருக்குன்னு சொன்னீங்க? மனசு வந்துச்சா?"

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாவது பெஞ்சில், அவளோடு தினமும் நடந்து வரும் பெண் எழுந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"ஆ-ங்கறது பாக்கெட்டுங்களா டீச்சர்?"

எது அ, எது ஆ என்று யாருக்கும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

"ஆமா. ஏன்?"

"நாங்க அத அவுங்க அம்மாவுதுன்னு நெனச்சோமுங்க." அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அவுங்க அம்மா மிளகு போட்டுச் செய்வாங்க, சுருக்குன்னு இருக்குமுங்க. எங்க ஊட்டுக்கெல்லாம் குடுத்திருக்காங்க. எது காரமா இருக்குதோ அதத்தான் எல்லாரும் சொல்லணும்னு குழாயடியில பேசி வெச்சுக்கிட்டோமுங்க. அ-ங்கறது உப்பும் புளிப்புமா, காரமே இல்லாம இருந்துச்சு. கடையதுன்னு நெனச்சுட்டோம். ஆ-தான் காரமா இருந்துச்சு டீச்சர்..."

"ஆமாங்க டீச்சர்," என்றது ஒரு குரல். "ஆமாங்க," "நானுந்தானுங்க" என்று பெஞ்சுக்குப் பெஞ்சு எழுந்து நின்றார்கள். ஒரு ஆறாம் வகுப்புப் பொடியன் தேம்பித் தேம்பி அழுதான்.

மிளகை எடுக்கச் சொன்னவள் நான். மிளகு இருந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றுதானே எடுக்கச் சொன்னேன்? கண்டுபிடித்துத்தான் இருப்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மன்னிச்சிருங்க என்று வகுப்பைப் பார்த்துச் சொன்னேன். என் சர்வீஸில் பிள்ளைகளிடம் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

கடைசி பெஞ்சில் அவள் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. ஆடியிலிருந்து பள்ளிக்கூடத்தில் அவள் ஒரு நாளும் அழுததில்லையாம், சமையலம்மா பிறகு சொன்னார். நானும் போய்த் தேற்றவில்லை. என்ன சொல்லித் தேற்றுவது? பக்கத்தில் இருந்தவள் அவள் சடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான்.

மணி அடித்து எல்லோரும் போன பிறகு, சுவரோரம் சுருட்டி வைத்திருந்த சார்ட்டைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

"இப்ப மாத்தி எழுதலாமுங்களா டீச்சர்?"

மார்க்கர் பேனாவை மூடி கழற்றி அவள் கையில் கொடுத்தேன். அவள் தரையில் மண்டியிட்டு சார்ட்டை விரித்தாள். பழைய முடிவை அடிக்கவில்லை. அதன் கீழே எழுதினாள்: 'ருசி பார்த்தவர்கள் அம்மா ஊறுகாய் என்று நினைத்து ஓட்டுப் போட்டார்கள்.'

பிறகு கொஞ்சம் யோசித்தாள். எந்தச் சோதனையையும் முடித்ததும் அதிலுள்ள குறையை நாமே எழுத வேண்டும் என்று நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். அட்டையின் அடியில் கொஞ்சம் இடம் மீதியிருந்தது. 'குறைகள்' என்று எழுதி அடிக்கோடு போட்டாள்.

'ஒன்று: மிளகை எடுத்துவிட்டோம்.

இரண்டு: நான் சாப்பிடவில்லை.'